குடிபுகாத மாடிவீடு

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், எதிர்வரும் புரட்டாசிச் சனிக்கிழமை முற்பகல் பத்தரை மணிக்கு, இராகுகாலம் கழிந்த சுபவேளையில், புங்குடுதீவு மடத்துவெளியில் கடும் புயல் ஒன்று வீசும். கடல் ஊருக்குள் புகும். அவ்வமயம் ஊரிலுள்ள கண்பார்வையற்றோர் அனைவரும் முறைப்படி காப்பாற்றப்படுவர். காப்பாற்றப்பட்டபின் மதியபோசனம் வழங்கப்படும். சனிக்கிழமையாதலால் மரக்கறி மட்டும். அனைவரும் வருக.

இந்த மகத்தான அறிவித்தலை ஒரு ஓட்டோ தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு மூன்று நாளாய்க் கடற்கரை ஒழுங்கையில் கொண்டுதிரிந்தது. கேட்பதற்கு அந்த ஒழுங்கையில் இருந்தது கோசலா ஒருத்திதான். மற்ற வீடுகளின் சனமெல்லாம் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருந்தது. இங்கே நின்றவை மதில்களும் பூட்டுகளும், மதில்மேல் நின்று ஆடுமாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் கமராக்களும்தான். ஊரில் ஆளில்லாவிட்டாலும் ஊரைப் பார்க்கிறவர்களுக்குக் குறைவில்லை. ஒழுங்கையில் ஒரு தேங்காய் விழுந்தால் ஸ்காபரோவில் நாலு போன் சிணுங்கும்.

கோசலா தபாற்கந்தோரில் இருபத்தைந்து வருசம் வேலைசெய்து பென்சன் எடுத்தவள். சீனி வருத்தம் முதலில் காலைப் பிடித்துப் பார்த்தது, பிறகு மனம் மாறிக் கண்ணைக் கொண்டுபோனது. புருசன் செத்துவிட்டார். ஒரே மகளை வவுனியாவில் கட்டிக்கொடுத்தாயிற்று. இருட்டோடு பழகிவிட்டாள். மழைக்காலத்தோடுதான் பழக ஏலாமல் இருந்தது. அவளுடைய வீடு பள்ளத்தில். ஐப்பசி கார்த்திகையில் கடலும் மழையும் சேர்ந்து வந்தால் முதலில் வருகிற இடம் அவளுடைய அடுப்படி, குசினி. பாதுகாப்பு நிலையம் என்று சொல்லப்படுகிற பள்ளிக்கூடம் இருக்கிறதுதான், ஆனால் அதற்குப் போகிற றோட்டுத்தான் தண்ணீருக்குள் முதல் போகிற றோட்டு.

அதனால் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. எதிரே, ஒழுங்கையைக் கடந்தால் நிற்கிற சுதாகரனின் மாடிவீடு. கனடாக் காசில் எழும்பிய வீடு. வெள்ளம் எட்டாத மேல்மாடி. மழைக்காலம் முடியும்வரைக்கும் அந்தக் கேற் திறந்து கிடக்கவேண்டும், அவ்வளவுதான். இதை அவள் சுதாகரனுக்கு வட்சப்பில் குரலாகவே சொல்லி அனுப்பியிருந்தாள். பதில் வந்தது. அவளுடைய போன் வந்ததை வாசித்துக்காட்டுகிற போன். அது வாசித்தது: "கூப்பிய கைகள். கூப்பிய கைகள். அழும் முகம். கூப்பிய கைகள்."

போன கார்த்திகையில் அந்தக் கேற்றடியில்தான் ஏரம்பு நின்றார்.

ஏரம்பு கோசலாவின் பக்கத்து வளவு. அவருக்கும் கண் இல்லை, மனுசியும் இல்லை. விடியப்புறம் தண்ணீர் கட்டிலுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போவோம் என்று வெளிக்கிட்டுவிட்டார். கோசலா அப்போது குசினி மேசையில் ஏறி, காலை மடித்துக்கொண்டு இருந்தாள். எதிர்வீட்டு இரும்புக் கேற்றை யாரோ பிடித்து ஆட்டுகிற சத்தம் காற்றுக்குள்ளால் வந்தது. பிறகு அந்தக் கேற்றின் கமரா பேசியது. கிட்டப்போனால் அது பேசும். ஒரு பொம்பிளைக்குரல், நல்ல கடைந்தெடுத்த இங்கிலிசு, நீங்கள் படம்பிடிக்கப்படுகிறீர்கள் என்று.

ஏரம்புக்கு இங்கிலிசு தெரியாது. உள்ளே ஆள் நிற்கிறது என்று நினைத்துவிட்டார். "பிள்ளை, ஒருக்காத் திறவம்மா. நான் ஏரம்பு, முன்வீடு" என்று கெஞ்சினார். அது திருப்பிச் சொன்னதையே சொன்னது. அவரும் திருப்பிக் கெஞ்சினார். கோசலா மேசையிலிருந்து குழறிக் கூப்பிட்டுப் பார்த்தாள், காற்று அவளுடைய சத்தத்தை வேறு பக்கம் கொண்டுபோனது. கொஞ்சநேரத்தால் கேற் ஆடுகிற சத்தம் நின்றது. ஏரம்பு மதிலைத் தடவிக்கொண்டு நடந்திருக்கிறார். மதில் முடிகிற இடத்தில் வெள்ளவாய்க்கால். அடுத்த நாள் மதகடியில் எடுத்தார்கள்.

இந்த இடத்தில் மற்ற ஊர்களில் ஒரு செத்தவீடு நடந்து, எட்டுச் செலவோடு கதை முடிந்திருக்கும். இங்கே கதை அப்போதுதான் தொடங்கியது. சுதாகரனின் கமரா பிடித்த படம் இருந்தது. இடுப்புத் தண்ணீரில் ஒரு குருட்டுக்கிழவன் கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். சத்தத்தை எடுத்துப்போட்டு, சோகமாய் ஒரு வயலினைச் சேர்த்து, 'எம் உறவுகளின் கண்ணீர்' என்று தலைப்பிட்டு சுதாகரன் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினான். லண்டன் அழுதது, நோர்வே அழுதது. அழுகை வற்றமுதலே 'மடத்துவெளி ஒளிக்கரம் ஒன்றியம், கனடாக் கிளை' உதித்தது. வேறு கிளை இல்லை. மரத்தையும் இன்னும் நடவில்லை. அந்த ஒன்றியம் சேர்த்த பணத்தில்தான் இந்தச் சனிக்கிழமைப் புயல்.

அன்றைக்குக் கோசலா நேரத்தோடே போய்விட்டாள். போக என்ன இருக்கிறது, ஒழுங்கையைக் கடந்தால் பந்தல். சுதாகரன் வீட்டு மதிலோடு சேர்த்து, வெளியில் போட்டிருந்தார்கள். உள்ளே இவ்வளவு பெரிய முற்றம் கிடக்க ஏன் ஒழுங்கையில் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையில்லை. வீடு கட்டி இரண்டு வருசமாகியும் பால் காய்ச்சவில்லை. வாற வைகாசியில் குடும்பமெல்லாம் கனடாவிலிருந்து வந்து, நாள் பார்த்துக் குடிபுகும்வரைக்கும் அது குடிபுகாத வீடு. சுதாகரனும் மனைவி நிருஜாவும்கூட ஊருக்கு வந்தால் யாழ்ப்பாணம் ரவுணில் ஹோட்டலில்தான் நிற்பது. முகப்பில் சுவாமிப்படம் மட்டும் குடியிருந்தது.

கோசலாவை உண்மையான பார்வையற்றோருக்கென்று ஒதுக்கிய கதிரைகளில் கொண்டுபோய் இருத்தினார்கள். பக்கத்தில் புளியங்கூடலில் இருந்து வந்திருந்த அப்புத்துரை. பிறவியிலேயே கண் தெரியாதவர், வாய் அதற்கும் சேர்த்து வேலைசெய்யும்.

"கோசலா, எங்களை எத்தினை மணிக்குக் காப்பாத்துவினம்?" என்றார்.

"உங்களை ஒருத்தரும் காப்பாத்தமாட்டினம் அண்ணை. நாங்கள் சும்மா இருக்கிறதாம்."

உண்மைதான். ஒத்திகையை நடத்த வந்த மிரோஜன் என்ற இளைஞன், இடர் ஆயத்த இணைப்பாளன், ஒலிவாங்கியில் அதை விளக்கமாகச் சொன்னான். உண்மையான பார்வையற்றோர் பங்குபற்றினால் விழுந்து காயப்படக்கூடும். ஆகையால் அவர்களின் பாதுகாப்பைக் கருதி, அவர்களுக்குப் பதிலாக உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் கண்ணைக் கறுப்புத்துணியால் கட்டிக்கொண்டு பார்வையற்றோராகச் செயற்படுவார்கள். சைரன் ஊதியதும் விளையாட்டுக்கழகப் பெடியள் அவர்களைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிச்செல்வார்கள். சைரன் கேட்டால் உயரமான இடத்துக்குப் போகவேண்டும், செருப்பைக் கழற்றக்கூடாது, பதறக்கூடாது. எல்லோரும் கைதட்டினார்கள். பதறாமல் தட்டினார்கள்.

"எங்கடை குருட்டையும் அவை எடுத்திட்டினம்," என்றார் அப்புத்துரை. "எங்களிட்டை மிச்சமிருந்தது அது ஒண்டுதான்."

பத்தரைக்கு வீசவேண்டிய புயல் பதினொன்றரை வரைக்கும் வீசவில்லை. பிரதம விருந்தினர் வரவில்லை. பிரதம விருந்தினர் சுதாகரன். கடல் காத்திருந்தது. மேளம் கேட்டு, மாலை விழுந்து, குத்துவிளக்கு ஏற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரவேற்பு நடனம் ஆடி முடித்தபிறகு திரைநீக்கம். ஒன்றியத்தின் அன்பளிப்பான அறிவித்தற்பலகை ஒன்றை மதிலில் பதித்திருந்தார்கள், புயல் வந்தால் என்ன செய்வது என்று பார்வையற்றோருக்கு, விரலால் தடவி வாசிக்கிற பிறெயில் எழுத்தில். உண்மையான பார்வையற்றோர் ஒருவர் வந்து வாசித்துக்காட்டுவார் என்றான் மிரோஜன். கோசலாவுக்கு பிறெயில் தெரியாது. கண் போன வயதில் அதைப் படிப்பிக்க ஆரும் வரவில்லை. அப்புத்துரை படித்தவர், அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர் கையைக் கொண்டுபோய்த் தடவினார், மேலே தடவினார், கீழே தடவினார். மழைக்கு நனையாமல் இருக்கப் பலகைக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள்.

"என்ன எழுதியிருக்கு ஐயா?" என்றான் மிரோஜன் ஒலிவாங்கியை நீட்டி.

"நல்ல குளிர்ச்சியாக் கிடக்கு தம்பி," என்றார் அப்புத்துரை.

அதற்கும் கைதட்டினார்கள். பிறகு ஆளுக்கொரு வெள்ளைப்பிரம்பு அன்பளிப்பு. கோசலாவின் அலுமாரிக்குப் பின்னால் ஏற்கனவே ஒரு கட்டு வெள்ளைப்பிரம்பு நிற்கிறது. இந்த நாட்டில் குருடருக்கு எது இல்லாவிட்டாலும் பிரம்புக்குப் பஞ்சமில்லை.

சுதாகரன் பேச எழும்பினான். கேட்டுப் பழகிய பேச்சு. மண், வேர், கடமை, நாங்கள் எங்கே இருந்தாலும் எங்கள் கண் இங்கேதான். இதுவரைக்கும் கோசலா அரைக்காதில்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், வீட்டில் அரிசி ஊறப்போட்டதை நினைத்துக்கொண்டு. அப்போது அவன் தொழில்நுட்பத்துக்கு வந்தான். தூரம் என்பது இன்றைக்கு ஒன்றுமில்லை என்றான். உதாரணத்துக்கு இந்தக் கேற், சூரிய ஒளியில் வேலைசெய்கிறது, கரண்ட் நின்றாலும் நிற்காது. கனடாவில் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் ஒருக்கால் அமத்தினால் போதும். அமத்திக் காட்டினான். கேற் ஒரு முனகலோடு விலகியது. சனம் 'ஆ' என்றது.

தரையைத் தட்டிக்கொண்டிருந்த கோசலாவின் புதுப்பிரம்பு நின்றுபோனது.

"தம்பி," என்றாள் இருந்த இடத்திலேயே, ஒலிவாங்கி இல்லாமல். "உந்தப் பூட்டு எப்ப போட்டது?"

"மதில் கட்டேக்கையே போட்டாச்சக்கா. இரண்டு வருசம் வரும்," என்றான் சுதாகரன் பெருமையாக. பிறகு அவனுக்கு ஏதோ நினைவு வந்திருக்கவேண்டும். ஒரு கணம் ஒலிவாங்கி வெறுமனே இரைந்தது. மிரோஜன் நல்ல அறிவிப்பாளன். அந்த இடைவெளியைப் பார்த்ததும் சைரனை ஊதச் சொல்லிவிட்டான்.

புயல் வீசத் தொடங்கியது. கண்கட்டிய உத்தியோகத்தர்கள் கையை நீட்டிக்கொண்டு எழும்பினார்கள். ஒருவர் மேளகாரனைக் கட்டிப்பிடித்தார். ஆசிரியை ஒருத்தி சிரிப்பை அடக்க ஏலாமல் துணிக்குக் கீழால் பார்த்து நடந்தாள். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, கலியாண ஊர்வலம்போல, பள்ளிக்கூட றோட்டால், அந்த முதல் தாழுகிற றோட்டால், போனார்கள்.

கோசலா எழும்பினாள். உயரமான இடத்துக்குப் போகவேண்டும் என்றுதானே சொன்னது. மதிலில் கையை வைத்துக் கேற்வரைக்கும் வந்தாள், திறந்து கிடந்த கேற்றுக்குள்ளால் போனாள். ஒருவரும் மறிக்கவில்லை. எல்லோரும் கண்கட்டினவர்களைக் காப்பாற்றுகிற அவசரத்தில் இருந்தார்கள். சீமெந்துத் தரை, பிறகு வழுவழுத்த மாபிள். அதில் அவளுடைய ரப்பர்ச் செருப்பு மண்ணோடு சத்தம்போட்டது. கழற்றக்கூடாது என்றதால் கழற்றவில்லை. பெயின்ற் மணம், பொலித்தீன் பிரிக்காத கதிரைகள். மாடிப்படியின் கைபிடிக்கும் பொலித்தீன் சுற்றிக் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். மேல்மாடியில் கடற்காற்று முகத்தில் அடித்தது. ஏரம்பு தண்ணீர் வடியும்வரைக்கும் இதில் குந்தியிருந்தால் போதும், தடிமன் காய்ச்சலோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

கீழே நிருஜாதான் முதலில் கண்டது. "ஐயோ, ஆரோ உள்ளுக்கை. செருப்போடை," என்று அவள் வைத்த கத்தலுக்குச் சைரன் தோற்றது. அதன்பிறகுதான் பந்தலுக்கு உண்மையான ஆபத்து எது என்று விளங்கியது. சனம் கேற்றடியில் திரண்டது. உள்ளே வரத் துணியவில்லை, குடிபுகாத வீடு. சுதாகரன் மட்டும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படியடிக்கு வந்தான், பின்னால் நிருஜா.

"அக்கா, இறங்கி வாங்கோ. சனம் பாக்குது," என்றான்.

"பாக்கட்டும். பாக்கிறதிலை நீங்கள் கெட்டிக்காரர்தானே."

"என்ன வேணுமெண்டாலும் என்னட்டை நேரை கேட்டிருக்கலாம்."

"கேட்டனான். கையைக் கூப்பிக் கூப்பி அனுப்பினனீர்." கோசலா மேற்படியில் குந்தினாள். "இப்ப வேறை ஒண்டு கேக்கிறன். ஏரம்பண்ணை கேற்றைப் பிடிச்சு ஆட்டேக்கை நீர் பாத்துக்கொண்டிருந்தனீரோ, பேந்து பாத்தனீரோ?"

நிருஜா முந்திக்கொண்டாள், புருசனைக் காப்பாற்றுகிற அவசரம். தாங்கள் அப்போது சாப்பாட்டு மேசையில் என்றாள். போன் சிணுங்கியதும் இவர் சாப்பாட்டை விட்டுவிட்டு எழும்பிவிட்டார். யார் யாருக்கெல்லாமோ அடித்துப் பார்த்தார், உத்தியோகத்தருக்கு அடித்தார், நேவிக்கு அடித்தார், ஒருவரும் எடுக்கவில்லை. அன்றிரவு இவர் நித்திரை கொள்ளவேயில்லை.

"எல்லாருக்கும் அடிச்சிருக்கிறீர். கையிலை அதே போன். உந்தக் கேற்றுக்கு ஒருக்கால் அமத்த என்ன?"

"குடிபுகாத வீடக்கா," என்றான் சுதாகரன். ஒலிவாங்கியில் பேசிய குரல் இல்லை இது. "பால் காய்ச்சேல்லை. அவர் தாரமிழந்தவர், கண்ணும் தெரியாது. முதற்கால் அப்பிடி வைச்சால் வீட்டுக்கு ஆகாது. எனக்கும் பிள்ளையள் இருக்கினம். நான் அமத்தமாட்டன் எண்டு இருக்கேல்லை அக்கா. யோசிச்சுக்கொண்டு நிண்டனான். யோசிச்சு முடியமுதல் அவர் கையை விட்டிட்டார்."

கோசலாவுக்கு அவன் பொய் சொன்னால் நல்லாயிருக்கும் என்று தோன்றியது. பொய்யனோடு சண்டை பிடிக்கலாம். இவன் உண்மையைச் சொல்லிவிட்டு, அதற்கு மன்னிப்பும் கிடைக்கும் என்று படியடியில் நிற்கிறான். ஏரம்பு தண்ணீருக்குள் நின்று ஒரு கமராவைப் பிள்ளை, அம்மா என்று கெஞ்சிய நேரமெல்லாம் இவன் அங்கே சோற்றுக்கையோடு, தன் மாபிளில் எந்தக் கால் முதலில் படவேண்டும் என்று யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறான். பிறகு வயலின் போட்டிருக்கிறான். பிறகு பிரம்பு கொடுத்திருக்கிறான்.

"சரி தம்பி, இனி யோசிக்கத் தேவையில்லை," என்றாள். "முதற்கால் நான் வைச்சிட்டன். புருசன் செத்தவள், கண் தெரியாதவள், அதுவும் செருப்போடை. இனி உந்த வீட்டுக்கு வரக்கூடாதது ஒண்டும் மிச்சமில்லை. மழை துடங்கமுதல் கேற்றைத் திறந்து விடும். விடுறன் எண்டு அந்த மைக்கிலை சொல்லும், நான் இறங்குறன்."

நிருஜா அழத் தொடங்கினாள். அந்த அழுகைக்கு வயலின் தேவைப்படவில்லை. சுதாகரன் நிமிர்ந்து பார்த்திருப்பான், குனிந்து பார்த்திருப்பான், கோசலாவுக்குத் தெரியாது. அவள் கேட்டது அவன் மூச்சு விடுகிற சத்தம் மட்டும். ஓம் என்று ஒரு சொல், அதற்காக அவள் மேலே காத்திருந்தாள். சொல்லிவிடுவான் போலத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, கேற்றடியில் நின்ற ஐயர் குரல்கொடுத்தார். குத்துவிளக்கு ஏற்றுவதற்காக வந்தவர். பயப்படாதேயுங்கோ, சாத்திரத்தில் பரிகாரம் இல்லாத தீட்டு இல்லை, ஒரு புண்ணியாகவாசனம் செய்து தண்ணீர் தெளித்தால் வீடு பழையபடி குடிபுகாத வீடுதான், வைகாசி நாளுக்கு ஒரு குறையும் வராது என்றார்.

சுதாகரனின் மூச்சு சீராகியது. சாத்திரம் கேற்றைத் திறந்தது, அவனுக்கு.

அவன் கோசலாவோடு பேசவில்லை. வெளியே போய் மிரோஜனோடு பேசினான். மிரோஜனுக்கும் அது பெரிய நிம்மதி. காப்பாற்றும் குழுவுக்கு ஸ்ரெச்சர் ஒன்று புதிதாக வாங்கியிருந்தார்கள், கண்கட்டிய உத்தியோகத்தர்கள் எல்லோரும் நடந்து போய்விட்டதால் அதைப் பாவிக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஸ்ரெச்சருக்கென்று நிறுத்தியிருந்த விளையாட்டுக்கழகப் பெடியள் நாலுபேர் கால்கழுவி உள்ளே வந்தார்கள். "மாமி, கோவிக்காதேயுங்கோ, சொன்னதைச் செய்யிறம்," என்றான் ஒருவன். அவள் கைபிடியை விடவில்லை. அவர்கள் விரல் விரலாய் எடுத்தார்கள். பொலித்தீன் கிழிந்து கையோடு வந்தது. ஸ்ரெச்சரில் வைத்து, விழாமல் பட்டியால் கட்டி, பயிற்சியில் படித்தபடி தலை மேலாகவும் கால் கீழாகவும் பிடித்து, ஊரில் தண்ணீர் ஏறாத ஒரேயொரு இடத்திலிருந்து அவளை இறக்கிக் கொண்டுவந்து பள்ளத்து ஒழுங்கையில் வைத்தார்கள். சனம் கைதட்டியது. அன்றைய கைதட்டல்களில் அதுதான் உண்மையானது.

"இறக்கிப்போட்டாங்களோ?" என்று அப்புத்துரையின் குரல் கிட்ட வந்தது. பட்டியை அவிழ்க்க ஒருவரும் நினைக்கவில்லை. அவர்தான் தடவித் தடவி அவிழ்த்துவிட்டார். கோசலா எழும்பிக் குந்தி, கையோடு வந்த பொலித்தீனை உதறினாள்.

மிரோஜன் ஒலிவாங்கியில் பெறுபேற்றை அறிவித்தான். ஒத்திகை எதிர்பார்த்ததைவிட வெற்றி. பள்ளிக்கூடம்வரை சென்ற பார்வையற்றோர் அனைவரும் சிறுகாயமுமின்றிக் காப்பாற்றப்பட்டனர். அனுமதிக்கப்படாத இடத்துக்குச் சென்ற ஒருவர் மட்டும் விதிமுறைப்படி இறந்தவராகக் கருதப்படுகிறார். இதை ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளவேண்டும்.

"கோசலா, நீர் செத்திட்டீராம்," என்றார் அப்புத்துரை.

"கேட்டது."

"என்ன செய்யப்போறீர்?"

"வீட்டை போகப்போறன். ஐப்பசிக்கு முதல் குசினி மேசைக்கு மேலை இன்னொரு மேசை ஏத்தோணும்."

உள்ளே ஐயர் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. சுதாகரன் போனில் அமத்தினான், கேற் பூட்டியது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் கறுப்புத்துணியை அவிழ்த்து மிரோஜனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பார்சல் எடுக்க வரிசையில் நின்றார்கள்.

காப்பாற்றப்பட்ட அத்தனை பேருக்கும் கண் தெரியும்.